சீட் பெல்ட் பீப் சத்தத்தை அடக்கும் கிளிப், ஆப், கோடிங்: எது தேறும், எது தேறாது

கார் ஆக்சஸரி விற்கும் எந்தத் தளத்தில் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அந்தச் சின்ன உலோகக் கிளிப்தான். பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு தகடு, மேலே பிளாஸ்டிக் பிடி, சிலவற்றில் கார் கம்பெனியின் லோகோ, இன்னும் சிலவற்றில் பாட்டில் மூடி திறக்க ஒரு வளைவு. பக்கிளில் செருகினால் பீப் நின்றுவிடும். சொன்ன வேலையைச் செய்கிறதா என்றால், செய்கிறது. மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்தான். அது சொல்லாமல் செய்யும் மற்ற வேலைகள்தான் காரணம்.

பக்கிளுக்குள் இருப்பது வெறும் பஸ்ஸர் சுவிட்ச் இல்லை. பெல்ட் மாட்டியிருக்கிறதா என்ற தகவல் இன்றைய பெரும்பாலான கார்களில் ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிறது. மீட்டரில் எரியும் சிவப்பு விளக்கும் பீப் சத்தமும் அந்தத் தகவலின் கடைசிப் பயன் மட்டுமே. எவ்வளவு பலமான மோதலில் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதையே பல கார்கள் இதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் சொல்லும் பொதுக் கணக்கு இது: பெல்ட் போடாதவருக்கு, அசையாத சுவரில் மணிக்கு சுமார் 16 முதல் 19 கிமீ வேகத்தில் இடிப்பதற்குச் சமமான அடியிலேயே முன்பக்க ஏர்பேக் விரியும். பெல்ட் போட்டவருக்கு அந்த எல்லை சுமார் 26 கிமீ. பெல்ட்டே தாங்கிக்கொள்ளும் அடிக்கு ஏர்பேக்கை விரித்து முகத்தில் அறைய வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள கணக்கு.

இப்போது கிளிப்பைச் செருகிவிட்டு பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். மோதலின் பலம் 22 கிமீக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் இல்லை. ஏர்பேக்கும் விரியாது, ஏனென்றால் நீங்கள் பெல்ட் போட்டிருப்பதாகக் கார் நம்புகிறது. நெஞ்சு நேராக ஸ்டீயரிங்கில். கிளிப் இல்லாமல், பீப் சத்தத்தோடு, பெல்ட் போடாமலே ஓட்டியவருக்குக்கூட இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைத்திருக்கும். அதனால்தான் இந்தப் பொருளை மற்ற வழிகளோடு சேர்த்து எடைபோடவே முடியவில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆட்டோ ஹோல்டும் (நின்ற பின் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கும் உள்ள பல கார்கள், டிரைவர் சீட்டில் இருக்கிறாரா என்பதைக் கதவையும் பெல்ட்டையும் வைத்துத்தான் கணிக்கின்றன. ஆட்டோ ஹோல்டில் நிற்கும்போது பெல்ட்டைக் கழற்றினால் பார்க்கிங் பிரேக் தானாக விழும். சில ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் தானே பி (பார்க்கிங்) நிலைக்குப் போகும். நிரந்தரமாகக் கிளிப் செருகிய காரில் இந்தக் காவலில் ஒரு பாதி செத்துப்போகிறது. சரிவில் நிறுத்தி இறங்கும் அவசரத்தில்தான் அது தெரியவரும்.

பொருளின் தரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருப்பார்கள். நாக்கின் அகலமும் தடிமனும் நடுத்துளையின் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு மில்லிமீட்டர் கூடினாலே சிக்கும், குறைந்தால் ஆடும். ஆடும் கிளிப் மேடு பள்ளத்தில் கடகடவென்று அடிக்கிற சத்தத்துக்கு பீப்பே தேவலாம். வார்ப்பு உலோகத்தில் செய்தவற்றின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும், அது பக்கிளின் தாழைத் தேய்த்து உள்ளே துகளைக் கொட்டும். பிறகு உண்மையான பெல்ட்டை மாட்டும்போது ‘கிளிக்’ கேட்கும், ஆனால் தாழ் முழுதாக விழுந்திருக்காது. இழுத்துப் பார்க்காதவரை தெரியாது.

பெல்ட்டை நீட்டித் தரும் துணைத்துண்டான எக்ஸ்டெண்டர் வேறு கதை. உடல் பருமனால் பெல்ட் எட்டாதவர்களுக்கு அது நியாயமான பொருள், கார் கம்பெனியே சில மாடல்களுக்குத் தருகிறது. அந்தக் காருக்கென்று, அந்த சீட்டுக்கென்று கம்பெனி தரும் பாகமாக இருந்தால் வாங்கலாம். பக்கிள் வயிற்றின் நடுவில் வந்து நிற்கும்படி நீளமானதை வாங்கக் கூடாது, இடுப்பெலும்பின் பக்கவாட்டில்தான் அது இருக்க வேண்டும். பீப் நிற்பதற்காக வெறுமனே செருகி வைத்தால் அதுவும் மேலே சொன்ன கிளிப்பேதான்.

அடுத்தது மேனுவலில் உள்ள வழி. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஃபோர்டு தன் பெல்ட்மைண்டர் என்ற பெல்ட் நினைவூட்டல் வசதியை அணைக்க பல மாடல்களின் மேனுவலிலேயே முறை தந்திருக்கிறது: பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெல்ட் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பெல்ட்டைச் சொன்ன எண்ணிக்கைப்படி மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டும். விளக்கு மின்னினால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய டொயோட்டா சிலவற்றில் டிரிப் மீட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பெல்ட் மாட்டும் முறை உண்டு. இவற்றின் சிறப்பு என்னவென்றால், அடங்குவது சத்தம் மட்டும்தான். பக்கிள் சொல்லும் உண்மை ஏர்பேக் யூனிட்டுக்கு அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

காரின் மென்பொருள் அமைப்புகளை மாற்றும் கோடிங் ஆப்களும் அதே இனம். பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோட், ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு விசிடிஎஸ், ஃபோர்டு மற்றும் மஸ்டாவுக்கு ஃபோர்ஸ்கேன், டொயோட்டா உட்பட பல கம்பெனிகளுக்கு காரிஸ்டா. காரின் கோளாறுகளைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, மீட்டர் மாட்யூலில் (மீட்டரை இயக்கும் கணினிப் பெட்டியில்) பெல்ட் எச்சரிக்கைக்கான அமைப்பைத் தேடி மாற்றும் வேலை. மெனுவில் ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி வரி இருந்தால் ஒலியை மட்டும் தொடுங்கள். மாற்றும் முன் பழைய கோடிங்கை முழுதாக பேக்கப் எடுத்து ஃபோனுக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது கட்டாயம். கார் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனால் மாற்றம் பழையபடி திரும்பிவிடலாம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடிங்கில் சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஓபிடி சாக்கெட்டில் செருகும் இஎல்எம்327 வகை அடாப்டரின் மலிவான போலி. படிப்பதற்குப் போதும், எழுதும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் மாட்யூல் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். ஆப் தயாரித்தவர் பரிந்துரைத்த அடாப்டரை மட்டும் வாங்குங்கள். இன்னொன்று பேட்டரி வோல்டேஜ். இக்னிஷன் ஆனில், ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் ஓடிக்கொண்டிருக்க, பழைய பேட்டரியை நம்பி மாட்யூலில் எழுத உட்காரக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முடிந்தால் சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். ஏர்பேக் மாட்யூலுக்குள் மட்டும் கை வைக்காதீர்கள், மீட்டர் மாட்யூலில் கிடைக்காத அமைப்பை அங்கே போய்த் தேடும் ஆசை வரும்.

கம்பெனிகள் ஏன் இதை இவ்வளவு சுற்றி வளைத்து வைத்திருக்கின்றன என்று எரிச்சல் வருவது நியாயம்தான். அதற்குச் சட்டப் பின்னணி உண்டு. சீட் பெல்ட் பற்றிய ஐ.நா. விதி எண் 16-ஐப் பின்பற்றும் நாடுகளில், பெல்ட் போடாமல் கிளம்பினால் 500 மீட்டருக்குள்ளோ, 25 கிமீ வேகத்துக்குள்ளோ, 60 விநாடிக்குள்ளோ இரண்டாம் கட்ட எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கியாக வேண்டும். குறைந்தது 30 விநாடி அது தொடர வேண்டும். நிரந்தரமாக அணைக்கும் வசதி வைத்தால், அது தொழில்நுட்ப மேனுவலில் மட்டும் உள்ள வரிசையாகவோ தனிக் கருவி தேவைப்படுவதாகவோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் நேர்மாறு: 1974 மாடல் கார்கள் பெல்ட் மாட்டாமல் ஸ்டார்ட்டே ஆகாதபடி வந்தன, சீட்டில் மளிகைப் பை இருந்தாலும் மறுத்தன, மக்கள் கொதித்தார்கள், அந்த வருடமே அவர்களின் நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு அங்கே கட்டாயமாக இருந்தது 4 முதல் 8 விநாடி ஒலி மட்டும்.

சீட்டுக்கு அடியில் கனெக்டரைக் கழற்றி ஒயரை ஒட்டுவது, ரெசிஸ்டர் வைப்பது என்று வீடியோ போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பல கார்களில் பக்கிள் சுவிட்ச் வெறும் திறப்பு மூடல் இல்லை. மாட்டினால் ஒரு மின்தடை, கழற்றினால் இன்னொன்று என்று யூனிட் எதிர்பார்க்கும். ஒயர் அறுந்ததையும் ஷார்ட் ஆனதையும் கண்டுபிடிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நேரடியாக ஷார்ட் செய்தால் பீப் நிற்கும் முன் ஏர்பேக் விளக்கு எரியும். அது எரியும்வரை சில கார்களில் ஏர்பேக் அமைப்பே வேலை செய்யாது. தவிர, சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனருக்கும் உரியவை. ஏர்பேக்குக்குள்ளும் பிரிடென்ஷனருக்குள்ளும் வெடிமருந்து இருக்கிறது. மல்ட்டிமீட்டர் முனையை அந்தக் கனெக்டர்களில் வைக்கவே கூடாது.

ஆனால் இந்தப் பொருள்களைத் தேடி வருபவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவை அடக்கும் கருவியே இல்லை. பெல்ட் போட்டும் அடிக்கிறது, அல்லது ஆளே இல்லாத சீட்டுக்கு அடிக்கிறது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அதற்கு ரிப்பேர்தான் வழி, பாதி நேரம் செலவே இல்லாத ரிப்பேர்.

காலி சீட்டுக்கு அடித்தால் முதல் சந்தேகம் பை. முன் பயணி சீட்டின் மெத்தைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பாக அழுத்த சென்சார் இருக்கும். லேப்டாப் பையோ தண்ணீர் கேனோ சரியான இடத்தில் அழுத்தினால் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். தரையில் வையுங்கள், அல்லது பையின் மேலேயே பெல்ட்டை மாட்டிவிடுங்கள். பிரேக் அடித்தால் பை பறந்து வராது என்பது உபரி லாபம். பை இல்லாமலும் அடித்தால் சீட் நனைந்திருந்ததா, இறுக்கமான சீட் கவர் போட்டீர்களா என்று பாருங்கள். கவரின் கட்டுக் கயிறு மெத்தையை இழுத்து அழுத்தினாலே போதும். பின் சீட்டில் ஐஎஸ்ஓஃபிக்ஸ் (காரின் உலோகக் கொக்கிகளில் மாட்டும்) குழந்தை சீட் இறுக்கமாக உட்கார்ந்து சென்சாரை அழுத்துவதும் உண்டு. அப்போது பெரியவர்களுக்கான பெல்ட்டை குழந்தை சீட்டின் பின்னால் மாட்டி வைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் குழந்தை சீட்டின் மேனுவல் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு. முன் பயணி சீட்டில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஏர்பேக்கை ஆளின் எடை பார்த்து அணைக்கும் கார்களில் அந்த சென்சார் சாதாரண விரிப்பு அல்ல, பிரித்தால் மீண்டும் கேலிபரேஷன் செய்ய வேண்டும்.

பெல்ட் மாட்டியும் அடித்தால் பக்கிளைப் பாருங்கள். நாக்கைச் செருகிவிட்டு மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்தால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? உள்ளே பிஸ்கட் தூளோ நாணயமோ இருக்க வாய்ப்பு அதிகம். டார்ச் அடித்துப் பார்த்து, வாக்குவம் கிளீனரின் ஒடுங்கிய முனையை பக்கிளின் வாயில் வைத்து, சிவப்பு பட்டனை இருபது முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். துகள் உதிர்ந்து வரும். எண்ணெயும் டபிள்யூடி-40-யும் கூடாது. முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். குளிர்பானம் கொட்டி ஒட்டிப்போன பக்கிளை மாற்றிவிடுவதுதான் சரி. சுவிட்ச் உள்ள பக்கிளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது புதுப் பிரச்சினையை வாங்கி வைப்பது.

பக்கிளை அசைத்தால் ஒன்றும் ஆகாமல், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது மட்டும் விளக்கு மாறினால் குற்றவாளி ஒயர். தண்டவாளத்தில் உரசி உறை கிழிந்திருக்கும், அல்லது சீட்டுக்கு அடியில் உருண்டுபோன குடை கனெக்டரை இழுத்திருக்கும். கண்ணால் பார்க்கலாம். கை வைப்பதானால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். காருக்குக் கார் ஒன்றரை நிமிடமோ மூன்று நிமிடமோ சொல்வார்கள். கனெக்டர் கழன்ற நிலையில் மட்டும் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள், ஏர்பேக் பிழை பதிவாகி விளக்கு எரியும், அதை அழிக்க ஸ்கேனர் (ஓபிடி சாக்கெட்டில் செருகிப் பிழைகளைப் படிக்கும் கருவி) வேண்டும்.

ஸ்கேனர் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ஏர்பேக் மாட்யூலைப் படிக்குமா? மலிவானவை எஞ்சின் பிழைக் குறியீடு மட்டும் காட்டும், இந்த வேலைக்கு உதவாது. லைவ் டேட்டாவில் (ஓடும்போதே காட்டும் தகவலில்) டிரைவர் பக்கிள் மாட்டியது, மாட்டாதது என்று காட்டும் ஸ்கேனர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பக்கிளா ஒயரா சென்சாரா என்று பிரித்துவிடலாம். பாகத்தை மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்கும் கடையைவிட இதற்குக் காசு கொடுக்கலாம்.

பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்பதற்காகக் கிளிப் தேடுபவர்கள் பக்கவாட்டுத் தூணில் உள்ள உயர அட்ஜஸ்டரை இறக்கிப் பாருங்கள், அது இல்லாவிட்டால் சீட்டை ஏற்றுங்கள். தோளின் நடுவில் பெல்ட் விழ வேண்டும். சோம்பலாகச் சுருளும் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, இளஞ்சூட்டு நீரிலும் மிதமான சோப்பிலும் துடைத்து, நிழலில் காயவிட்டுச் சுருட்டினால் பாதிக்கு மேல் சரியாகும். தோளருகே உள்ள வளையத்தில் படிந்த அழுக்கையும் துடையுங்கள். பிளீச் வேண்டாம், நூல் பலம் போய்விடும்.

பழைய கார் வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். இக்னிஷன் ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைகிறதா, பெல்ட்டை மாட்டிக் கழற்றும்போது பெல்ட் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பக்கிள் வாயில் டார்ச் அடித்தால் புதிய கீறல்களும் பளபளக்கும் துகளும் தெரிகின்றனவா? அப்படியென்றால் இந்த வண்டியில் வெகுநாள் கிளிப் இருந்திருக்கலாம். பக்கிளை மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.