திருகோணமலையில் தரகர் தேடும் செயலி: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரரின் வீடு வளவுகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எங்கள் குடும்பத்தில் என் தலையில்தான் இருக்கிறது. வாடகைக்கு ஆள் பிடிப்பது, போனவர் கட்டாமல் விட்ட கரண்ட் பில்லைக் கட்டுவது, யாராவது விற்கப்போகிறேன் என்றால் புரோக்கர் தேடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்காகத்தான் இந்தச் செயலியைப் போனில் போட்டேன். நாடு முழுவதும் உள்ள காணி, வீட்டுத் தரகர்களை இடம், மொழி, விற்பனையா வாடகையா என்று பிரித்துத் தேடலாம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே மாதிரியான வேறு செயலிகளையும் பாவித்தேன், குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் மாவட்ட ஃபில்டர். திருகோணமலை என்று போட்டதும் வருகிற நீளமான பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அதில் பலர் கொழும்பில் இருந்துகொண்டு 25 மாவட்டத்துக்கும் டிக் போட்டவர்கள். உப்புவெளியில் ஒரு வீட்டைக் காட்டச் சொன்னால் இங்கே தெரிந்த ஒருவருக்கு அழைப்பு எடுப்பார்கள். அந்த ஒருவர், மடத்தடிச் சந்தியில் நாம் அடிக்கடி காண்கிற ஆளாக இருப்பார். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத் தேடுகிற வசதி கீழே 'மேலும்' என்பதற்குள் ஒளிந்து கிடக்கிறது. அதைப் போட்டால் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். உண்மையில் இங்கே வேலை செய்கிறவர்கள் அவ்வளவு பேர்தான்.

தூரத்தை வைத்துத் தேடுவது இன்னும் வேடிக்கை. டவுனை நடுவில் வைத்து வட்டத்தை 15 கிலோமீற்றர் ஆக்கினால் மூதூர் உள்ளே வந்துவிடும். கொட்டியாரக் குடாவின் மேலாக நேர்கோடு போட்டு அளந்தால் கணக்குச் சரி. ஆனால் தரைவழியே சீனன்குடா, கிண்ணியா என்று சுற்றிப் போனால் அந்தத் தூரம் இரு மடங்குக்கும் மேல். உவர்மலையில் வீடு பார்க்க மூதூர்த் தரகரை அந்தச் செயலி எனக்குச் சிபாரிசு செய்திருக்கிறது. பாவம், அவரும் வருகிறேன் என்றுதான் சொன்னார்.

தமிழில் தட்டச்சுச் செய்தால் சில இடங்கள் வராது. அலஸ்தோட்டம் என்று தேடினால் ஒன்றும் இல்லை, அலஸ் கார்டன் என்று ஆங்கில எழுத்தில் போட்டால் நிறைய. இதைப் பழகிக்கொள்ளலாம், பெரிய குறை இல்லை.

நட்சத்திரங்களை நான் பார்ப்பதில்லை. இரண்டு பேர் போட்ட ஐந்து நட்சத்திரத்துக்கு என்ன பெறுமதி? அதிலும் மேலே நிற்கிறவர்கள் காசு கட்டி மேலே நிற்கிறவர்கள். எனக்கு உதவியது, கடைசியாக விளம்பரம் போட்ட திகதிப்படி வரிசைப்படுத்துகிற வசதி. அதிலும் ஒரு கவனம் வேண்டும். இந்தக் கரையில் சுற்றுலா சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. நிலாவெளிப் பக்கம் அறை, வில்லா என்று ஓடித்திரிகிற தரகர்களின் பெயர் மாரி தொடங்கியதும் பட்டியலின் அடிக்குப் போய்விடும். டிசம்பரில் தேடினால் அவர்கள் தொழிலை விட்டுவிட்டார்கள் போலத் தோன்றும். மழை ஓயட்டும், திரும்பி வருவார்கள்.

ஆனால் காணி விற்கிற, வாங்குகிற விஷயத்தில் இந்தச் செயலி கேட்கவேண்டிய கேள்வியையே கேட்பதில்லை. கந்தளாய், அல்லை போன்ற பெரிய குடியேற்றத் திட்டங்கள் உள்ள மாவட்டம் இது. சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணியும் அரச அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெர்மிட் காணியும் கலந்து கிடக்கின்றன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதிக் காணி என்றால் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் சரி. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு அனுபவம். செயலியிலோ எத்தனை பேர்ச்சஸ், கடலுக்கு எவ்வளவு கிட்ட, எத்தனை அறை என்றுதான் பிரிக்கலாம்.

ஆகவே நானே ஒரு வழி பிடித்தேன். ஒரு தரகரின் பக்கத்தைத் திறந்து அவர் போட்ட பழைய விளம்பரங்களை வாசிப்பேன். 'உறுதி', 'பெர்மிட்', 'சேவேயர் பிளான் உண்டு' என்று அவராகவே எழுதியிருந்தால் அழைப்பு எடுப்பேன். கடற்கரைப் படமும் விலையும் மட்டும் இருந்தால் கடந்துபோய்விடுவேன். அப்படிக் கடந்துபோயிருக்கவேண்டிய ஒருவரோடு நடந்த பேச்சு இது:

"அண்ணன், இது உறுதியா பெர்மிட்டா?"

"எல்லாம் கிளியர் தம்பி. லோயர் பார்த்துக்கொள்ளுவார்."

"எந்த லோயர்?"

"நீங்கள் ஒருத்தரைப் பிடியுங்கோவன்."

அந்த வகை ஆட்களைப் பிரித்தெடுக்க ஃபில்டர் வேண்டும் என்று செயலி நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் கறுப்பு நிறத் திரை வந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 'வெளிநாட்டு வாடிக்கையாளர்' என்று ஒரு ஃபில்டர் உண்டு. அதற்கு டிக் போட்டவர்களில் எத்தனை பேருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்கு இங்கே காணி மாற்ற அந்தச் சட்டம் தடை போடுகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு, முதுசமாக வருவதற்கும் உண்டு. என் மச்சான் ஒருவருக்கு இதைச் சொன்னது நான்தான், அவரோடு பல நாள் வட்ஸ்அப்பில் பேசிய தரகர் இல்லை. விற்கிற பக்கம் என்றால் அற்றோணித் தத்துவம் (நமக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்) கொடுத்து வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று தரகரிடம் நேரே கேட்பது நல்லது.

வாடகைக்கு என்றால் நான் குறை சொல்லமாட்டேன். இடமாற்றத்தில் வருகிற வங்கிக்காரர், வைத்தியர், கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் என்று ஆட்களுக்குக் குறைவில்லை. எந்தத் தரகர் யாரைக் கொண்டுவருவார் என்பது அவர் விளம்பரத்திலேயே தெரிந்துவிடும். மொழி ஃபில்டரும் இங்கேதான் பிரயோசனம்: சிங்களமும் தமிழும் தெரிந்தவரைப் பிடித்தால் தெற்கிலிருந்து வருகிற உத்தியோகத்தரோடு ஒப்பந்தம் பேசுவது சுலபம். பேசும்போதே தரகுக் காசையும் பேசிவிடுங்கள். என்னிடம் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கேட்டார்கள், விற்பனைக்கு 3 வீதம். இது செயலியில் எங்கும் காட்டப்படுவதில்லை.

கட்டணப் பதிப்பு வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். விளம்பரம் வராது, புதுத் தரகர் சேர்ந்தால் தகவல் வரும். எங்கள் ஊரில் புதிதாகச் சேர்கிறவரும் பெரும்பாலும் அந்தக் கொழும்பு ஆட்கள்தான். வீடு காலியாகும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, ஆள் வந்து குடியேறியதும் நிறுத்திவிடுகிறேன்.