தோப்புக் கேமராவுக்கு வாங்கிய பிஓஇ சுவிட்ச்

வீட்டிலிருந்து தோப்பு மோட்டார் ரூம் 160 மீட்டர். அங்கே கேமராவுக்கென்று தனி கரண்ட் லைன் இழுக்காமல், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் இந்த 4 போர்ட் பிஓஇ சுவிட்சை வாங்கினேன். வழக்கமாக 100 மீட்டர்தான் எல்லை. இதில் எக்ஸ்டெண்ட் பட்டனைத் தள்ளினால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறையும், தூரம் 250 மீட்டர் வரை போகும். ஒரு கேமராவுக்கு அந்த வேகம் தாராளம்.

பகலில் நன்றாக ஓடியது. இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வந்தது. குறை சுவிட்சில் இல்லை, கடைக்காரர் கொடுத்த கேபிளில்: செம்பு பூசிய அலுமினியம். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்தால் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். அலுமினியத்தில் தடை செம்பைவிட அதிகம் என்பதால் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். முழுச் செம்புக் கம்பியுள்ள கேட்6 நெட்வொர்க் கேபிளாக மாற்றினேன். அப்புறம் மூன்று மாதமாக ஒரு தடவைகூட அணையவில்லை. சுவிட்சை நம்பி வாங்கலாம். கேபிள் கம்பியை மட்டும் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.