மொண்டானா பிபிஎஸ் (அமெரிக்காவின் மொண்டானா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி) பார்க்க ஆன்டெனாவா, செயலியா?

செலவு: ஆன்டெனாவுக்கு ஒருமுறை செலவழித்தால் போதும். செயலி இலவசம், ஆனால் இணையத்துக்கு மாதாமாதம் தண்டம் அழ வேண்டும்.

சிக்னல்: இங்கேதான் சிக்கல். மலை குறுக்கே நின்றால் ஆன்டெனா திணறும்; அதற்காகவே பள்ளத்தாக்குகளுக்குச் சிறு மறுஒளிபரப்பிகள் வைத்திருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியபின் பழையபடி புள்ளிமழை பொழியும் மங்கல் படத்தோடு ஒப்பேற்றவும் வழியில்லை. வந்தால் பளிச், இல்லையேல் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். செயலிக்கு மலை பொருட்டல்ல. பண்ணைவீட்டு இணையம் நொண்டினால் அதுவும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பழைய நிகழ்ச்சிகள்: செயலிதான். பலவும் நன்கொடையாளர்களுக்கான 'பாஸ்போர்ட்' சேவையில் மட்டும்.

கோபுரத்துக்கு நேர்ப்பார்வை இருந்தால் ஆன்டெனாவே என் ஓட்டு. மலை மறைத்து, இணையம் ஓரளவு நன்றாக வந்தால் செயலி.