சேலத்து 304 எவர்சில்வர்: வாங்கலாமா? நிக்கல் சொல்லும் பேரரசுக் கணக்கு

சேலம் கடைவீதியில் 304 என்ற தரத்து எவர்சில்வர் சட்டி கேட்டு வாங்குங்கள். புளிக்கும் உப்புக்கும் தாங்கும். குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். விலை ஏறி இறங்குவது பெரும்பாலும் நிக்கலால்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினால் 200 வரிசைத் தகடு. அந்த வரிசையில் ஜே4 என்று வரும் தரத்தில் நிக்கல் சுமார் 1 சதவீதமே. பளபளப்பில் வித்தியாசம் தெரியாது; ரசத்தை இரவெல்லாம் விட்டுவைத்தால் விளிம்பிலும் பற்றவைப்பிலும் துரு காட்டிக்கொடுக்கும்.

காந்தத்தை நம்பாதீர்கள். இரண்டிலுமே அது ஒட்டாது. நல்ல 304இல்கூட, ஆழமாக இழுத்து வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டும். 9 வோல்ட் பேட்டரியோடு சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் 200 வரிசை சிவந்துவிடும். தயங்காமல் சொட்டு விட்டுக் காட்டும் கடைதான் நல்ல கடை.

உலகச் சுரங்கங்களில் எடுக்கும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவினுடையது. 2014இலும் மறுபடி 2020 ஜனவரியிலும் அந்நாடு தாது ஏற்றுமதியைத் தடுத்தது. அந்தத் தாது வேண்டியிருந்த சீனா கப்பற்படை அனுப்பவில்லை. சீன நிறுவனங்கள் சுலவேசி தீவின் மொரோவாலியிலேயே உலை கட்டின. தடையை எதிர்த்த வழக்கில், 2022இல் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது, தடையை எடுக்கவில்லை. இதே தீவுகளைக் கட்டி ஆண்ட டச்சுக்காரர்கள் 1949இல்தான் உரிமையை விட்டார்கள். இன்றைய வல்லரசுக்கு அந்தச் சுமை எதற்கு? நாட்டைப் பிடித்தால் காவலும் கலகமும் தலையில் விழும். கடனும் உலையும் சந்தையும் இருந்தாலே உலோகம் வந்துசேர்கிறது. அதற்காக இது தர்மம் ஆகிவிடாது: உலைகளுக்கு மின்சாரம் தரும் நிலக்கரிப் புகை அவர்கள் ஊரில்தான் படிகிறது.

சேலத்துக்கே இதில் பாடம் உண்டு. கம்பெனி ஆட்சியில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். ஆட்சியும் காடும் முன்பணமும் பக்கம் இருந்தும் மரக்கரி கட்டுப்படியாகவில்லை, தொழில் நொடித்தது.

சட்டிக்கு வருவோம். கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். ஒற்றைத் தகட்டுச் சட்டியில் சமையல் அடிபிடிக்கும். நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு, தாளிக்க ஏற்றது. உப்பைப் பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள்: கரையாமல் அடியில் தங்கினால் 304இலும் ஊசிக்குழி விழும். கொதித்தபின் போட்டுக் கிளறுங்கள்.