காலக்கோடு: மாஜோங் தாளா, கயிறும் கிளிப்புமா?

வகுப்பறைக் காலக்கோட்டை மாஜோங் தாளில் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) எழுதுவதா, ஆண்டு எழுதிய அட்டைகளைக் கயிற்றில் கிளிப்பால் மாட்டுவதா? பினாங்கில் பள்ளி திறக்குமுன் வரலாற்று ஆசிரியர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: தாள் மலிவு. கயிறு சற்றுக் கூடுதல், ஆனால் அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

அளவு: ஓராண்டுக்கு 2 செ.மீ. என்றால் 1786 (பினாங்கில் ஆங்கிலேயர் காலூன்றியது) முதல் 1963 (மலேசியா உருவானது) வரை 354 செ.மீ.; முடிச்சுக்கும் சேர்த்து 4 மீட்டர் கயிறு. பத்தாண்டுக்கொரு முறை, 20 செ.மீ.யில், மார்க்கரால் குறியிடுங்கள். 1957க்கும் (மலாயா விடுதலை) 1963க்கும் நடுவே 12 செ.மீ.தான்; அட்டை 10 செ.மீ. அகலத்தைத் தாண்ட வேண்டாம். தாளில் பலர் சம இடைவெளி விட்டுவிடுகிறார்கள். பிறகு 1957–1963இன் 6 ஆண்டும் 1786–1957இன் 171 ஆண்டும் பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்றுதான்!

உழைப்பு: ஈரக்காற்றில் தாள் சுருளும், டேப் சுவர்ச் சாயத்தோடு உரியும். கயிற்றில் மின்விசிறிக் காற்றுக்கு அட்டை புரளும். இரண்டு கிளிப்பு போடுங்கள்.

குழுவாக எழுதி ஒரே பாடத்தில் முடிப்பதென்றால் தாள் போதும். அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வதென்றால் கயிறுதான்.