பந்தாகச் சுருள்வதா, விரியனாக மிரட்டுவதா? இரண்டு நஞ்சற்ற ஆப்பிரிக்கக் காட்டுப் பாம்புகள்

மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் நஞ்சில்லாமலே பிழைத்துவரும் பாம்புகளுள் இரண்டை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, நைஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள கலபார் நகரின் பெயரைத் தாங்கிய கலபார் மண்ணுளிப் பாம்பு. மற்றொன்று, டாசிபெல்டிஸ் ஃபாசியாட்டா என்னும் முட்டைத்தின்னிப் பாம்பு. இரண்டும் ஏறத்தாழ 1 மீட்டர் நீளமே வளர்பவை. மனிதருக்கு இரண்டாலும் ஆபத்தில்லை. ஆனால் எதிரி நெருங்கும்போது இவை நடந்துகொள்ளும் விதம் நேரெதிரானது.

கலபார் பாம்பின் தலையும் வாலும் ஒரே பருமனில் மழுங்கி இருப்பதால், எது முன், எது பின் என்று உடனே சொல்ல முடியாது. அச்சுறுத்தப்பட்டால் அது உடலைப் பந்துபோலச் சுருட்டி, தலையை நடுவில் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் வெளியே அசைத்துக் காட்டும். எதிரியின் கடி வாலில் விழுந்தால் தலை தப்பிவிடும். நம்மூர் மண்ணுளிப் பாம்புக்கு ‘இருதலைப் பாம்பு’ என்ற பெயர் வரக் காரணமான அதே மழுங்கிய வால்தான் இங்கும். 19ஆம் நூற்றாண்டில் விலங்கியலாளர் ஹெர்மன் ஷ்லேகல் இந்த ஆப்பிரிக்கப் பாம்பை விவரித்தபோது, நம் மண்ணுளியின் பேரினமான எரிக்ஸிலேயே அதைச் சேர்த்தார். முட்டையிடுவதால் பின்னர் நெடுங்காலம் மலைப்பாம்பாகவும் கருதப்பட்டது. இன்று அதன் இடம், பெரும்பாலும் குட்டி ஈனும் பாம்புகளான போவா வகைகளின் பக்கம் என்பதே ஏற்கப்பட்ட கருத்து.

வாலாட்டுவதைவிட இதன் தோலே எனக்கு வியப்பளிக்கிறது. இதன் இரை, வளைக்குள் கிடக்கும் எலிக்குஞ்சுகள். அவற்றை வளைச்சுவரோடு அழுத்திக் கொல்லும்போது தாய் எலி சும்மா இருக்காது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதன் தோல் மற்றப் பாம்புகளின் தோலைவிடத் தடிமனானது, எளிதில் துளைக்க முடியாதது என்று அளந்து காட்டி, பாம்புகளுள் இதைக் காண்டாமிருகம் என்றே அழைத்தது. தாய் எலியின் பல்லுக்கு ஈடுகொடுக்கவே அத்தோல் அமைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆக, கலபார் பாம்பு கடிபடுவதைத் தன் பிழைப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முட்டைத்தின்னிக்கு அத்தகைய கவசம் எதற்கு? முட்டை திருப்பிக் கடிப்பதில்லை. அதன் பற்கள் மிகச் சிறியவை. தன் தலையைவிடப் பெரிய முட்டையை முழுதாக விழுங்கி, கழுத்துப்பகுதி முள்ளெலும்புகளிலிருந்து உணவுக்குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளால் உடைத்து, சாற்றை உள்ளே அனுப்பிவிட்டு, நசுங்கிய ஓட்டை வெளியே கக்கிவிடும். கடிக்க இயலாத இப்பாம்புக்கு மிரட்டல் ஒன்றே வழி. வளைந்து சுருண்டபடி உடலின் பக்கங்களை ஒன்றோடொன்று தேய்க்கும்போது, அங்குள்ள ரம்பப்பல் போன்ற செதில்கள் உரசிச் சீறல் போன்ற ஓசை எழும்; சுருட்டை விரியன் எச்சரிக்கை செய்வதும் இப்படியேதான்.

பறவைக்கும் விலங்குக்கும் இந்த மிரட்டல் போதுமானதாக இருக்கலாம். மனிதரிடம் அதுவே வினையாகிறது என்பது என் கணிப்பு. பறவையோ சிறு விலங்கோ விரியனென்று எண்ணினால் விலகிப்போகும், மனிதர் கம்பை எடுப்பார்கள். முட்டைத்தின்னியின் உறவினமான டாசிபெல்டிஸ் ஸ்காப்ரா, உடற்கோலத்திலும் விரியனை ஒத்திருப்பதால், தென்னாப்பிரிக்காவில் நைட் ஆடர் என்னும் நச்சுப்பாம்பாக எண்ணப்பட்டு அடிபட்டுச் சாவதுண்டு. கலபார் பாம்பின் சுருண்ட பந்து அப்படி யாரையும் பதற வைப்பதில்லை.

ஆனால் அந்தச் சாதுத்தனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. எளிதில் கையாளத்தக்க பாம்பு என்பதால், கானா, டோகோ போன்ற நாடுகளிலிருந்து வளர்ப்புச் சந்தைக்குக் கலபார் பாம்புகள் ஏற்றுமதியாகின்றன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. வாங்கியவர் பெரும்பாலும் காண்பது தொட்டியின் மண்ணைத்தான், ஏனெனில் பாம்பு அதற்குள் புதைந்தே கிடக்கும். முட்டைத்தின்னியை வளர்ப்பதோ இன்னும் கடினம்: குட்டிகளின் வாய்க்கு அடங்கும் அளவுள்ள சின்னஞ்சிறு முட்டைகளைத் தொடர்ந்து தேடிக் கொடுப்பது எளிதல்ல, எலியைக் கொடுத்தால் அது தொடவும் செய்யாது.