உறையூர் மதிய மெஸ்: சோறு ஒரு கரண்டி, மற்றதெல்லாம் தாராளம்

திருச்சி உறையூரில், வெக்காளியம்மன் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் முன்கட்டில் மதியம் மட்டும் நடக்கிற மெஸ் இது. பெயர்ப்பலகை கிடையாது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். சாப்பாடு 90 ரூபாய். எண்பதைத் தொட்ட என் அப்பாவை அடிக்கடி இங்கே கூட்டிப் போகிறேன்.

இலை போட்டதும் சோறு வராது. முதலில் சுண்டல், அப்புறம் கீரை மசியல், ஒரு பொரியல், ஒரு கூட்டு. இவை பாதி காலியான பிறகுதான் அக்கா சோற்றுடன் வருவார். அதுவும் ஒரு கரண்டிதான். கேட்டால் மறுசோறு உண்டு, ஆனால், "ஐயா, பொரியல் இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்பதுதான் முதலில் வரும். அக்காவின் மாமியாருக்குச் சர்க்கரை வந்தபோது வீட்டில் பழகிய முறையாம். காயையும் பருப்பையும் முன்னால் சாப்பிட்டால், சோறு சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

சிறுதானிய ஓட்டல்களுக்கும் போய்ப் பார்த்தேன். வரகுப் பொங்கல், சாமை பிரியாணி என்று தட்டு நிறையத் தானியம், ஓரத்தில் பேருக்கு ஒரு ஸ்பூன் காய். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று 2025-இல் சொன்னது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் வந்தது. மாவுச்சத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொஞ்சம் பருப்பும் பாலும் வந்தால் பலன் தெரிகிறது. இந்த மெஸ்ஸில் போடுவது சாதாரண வெள்ளைப் பொன்னிதான். ஆனால் அளவு சரியாக இருக்கிறது.

வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல் போனதும் நம் வீடுகளில் பெரியவர்களை ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் தள்ளிவிடுகிறோம். லேசான சாப்பாடு என்று நினைத்துப் பாசத்தோடுதான் செய்கிறோம். ஆனால் உடம்பில் தசை கரைகிற வயதில் புரதம் ரொம்பக் குறைந்த சாப்பாடு அது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு, 60 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 50 கிராம். நூறு கிராம் சோற்றில் இரண்டு மூன்று கிராம்தான் தேறும். இங்கே சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்து ஒரு வேளையிலேயே நல்ல பங்கு வந்துவிடுகிறது. சுண்டலை விரலால் நசுங்குகிற பதத்தில் வேகவைப்பதால் அப்பாவால் மெல்ல முடிகிறது. இப்போது கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். காலுக்கான பயிற்சியும் தினமும் செய்கிறார், அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மத்தி மீன் குழம்பு. அதற்காகவே போகலாம்! மண்சட்டியில் வைத்துப் புளி இறங்கி, நடு முள்ளையே மெல்லுகிற அளவுக்குக் குழைந்திருக்கும். எண்ணெய் மிதக்காது. முருங்கைக்கீரை போடுகிற நாளில் தேங்காயைக் குறைத்து, பாசிப்பருப்பை உதிரியாகச் சேர்த்துச் செய்வார்கள். அந்த ருசி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

குறை என்றால் உப்பு. ரசத்திலும் வத்தக்குழம்பிலும் தூக்கலாக இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வருகிற இடம், இதைக் குறைத்தே ஆக வேண்டும். அக்காவிடம் சொன்னேன், ரசத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, குழம்பில் இன்னும் இல்லை. அப்பளம் பொரித்ததுதான். வாசலில் மூன்று உயரமான படிகள், பிடித்து ஏறக் கம்பி இல்லை. பெரியவர்களோடு போனால் ஒருவர் கைகொடுக்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு மேல் கீரை தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். ஞாயிறு விடுமுறை. பார்சல் வேண்டுமென்றால் பாத்திரம் கொண்டு போக வேண்டும்.